போடிலின் மாடுகளும் என் குட்டைத் துப்பாக்கியும்

போன வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மேல்வீட்டுக் கவிதா கைப்பேசியோடு வந்து கதவைத் தட்டினார். கவிதா கோயம்புத்தூர்க்காரர். டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், கடலுக்குள் காற்றாலை நிறுத்துகிற ஒரு கம்பனியில் பொறியியலாளர். இந்த நாட்டுக் காடுகளில் நடந்து நடந்து ஆசை பிடித்து, வேட்டை அனுமதிச் சோதனை எழுதி, முதல் தடவையிலேயே தேறியவர். அவருடைய கணவர் முட்டையே தொடாத மனிதர். என்னைக் கண்டால் மாடிப்படியில் சற்று வேகமாக இறங்குவார். மனைவியைக் கெடுத்தவன் நான்தான் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

கைப்பேசியில் ஓர் அமெரிக்க மாட்டுப்பண்ணைக்காரர் தெரிந்தார். இடுப்பு உறையிலிருந்து லீவர் வைத்த குட்டைக் கைத்துப்பாக்கி ஒன்றை உருவி, திரும்பவும் செருகிக் காட்டிக்கொண்டிருந்தார். தோளில் வைக்கும் பின்கட்டை கிடையாது. குழலும் ஒரு முழத்துக்குள்தான்.

"அங்கிள், எவ்ளோ கையடக்கமா இருக்கு பாருங்க. ட்ராக்டர்ல ஏறி இறங்குறப்ப தொந்தரவே இருக்காது. இது இங்க வாங்க முடியுமா?"

முடியாது என்றேன். டென்மார்க்கில் பண்ணை வேலைக்குக் கைத்துப்பாக்கி கிடையாது. குறி சுடும் கழகத்தில் சேர்ந்து ஒழுங்காகப் பழகியவர்களுக்குத்தான், அதுவும் அந்த விளையாட்டுக்கு மட்டும். கவிதாவின் முகம் வாடிப்போயிற்று. அந்த ஆசை எனக்குப் புரியாத ஒன்றல்ல. அதே குடும்பத்து அண்ணனை, அதாவது சட்டம் விடுகிற அளவுக்குள் ஆகக் குட்டையான லீவர் துப்பாக்கி ஒன்றை, ஓய்வு பெறும்வரை தோளில் சுமந்தவன் நான். அதைப் பற்றி எழுதச் சொல்லி அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டே இருக்கிறார். எழுதுகிறேன். இதில் தற்பெருமை நிறைய இருக்கும், பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து துப்பாக்கிக்குப் பயந்து ஓடிவந்தவன் நான். வந்து, எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தொழிற்சாலையை மூடினார்கள். வேலை தேடித் தரும் கந்தோரில் இருந்த பெண், நகருக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு மாட்டுப்பண்ணை இருக்கிறது, போகிறீர்களா என்று கேட்டார். ஊரில் இரண்டு பசு வைத்திருந்த வீடு எங்களுடையது, மாடு தெரியும் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தைரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பண்ணைக்காரி போடில். என்னைவிட ஒரு முழம் உயரம், கணவர் இல்லை, ஒரே மகள் லோன அப்போது படித்துக்கொண்டிருந்தார். போடில் வளர்த்தவை கலோவே இன மாடுகள். கொம்பு கிடையாது. கரடிபோல மயிர். மாரி கோடை எந்நேரமும் வெளியில்தான். கடலைத் தடுக்கும் நெடிய மண் அணைக்கு அப்பால் இருக்கும் உப்புப் புல்வெளியில் மேய்ந்து திரிந்தன. நான் வளர்த்த பசுவுக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது முதல்நாளே விளங்கிவிட்டது.

இந்த மாடுகள் லொறியில் ஏறமாட்டா. இறைச்சிக்கு அனுப்பும் நாள் வந்தால், ஆட்கள் வாளியில் தீவனத்தைக் கிலுக்கிக் கிலுக்கி ஏற்றுபலகைவரை கூட்டி வந்து, பின்னால் கதவை அடித்துச் சாத்துவார்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு மாடுகள் பாடம் படித்துவிட்டன. வாளிச் சத்தம் கேட்டாலே வாலைக் கிளப்பிக்கொண்டு ஓட்டம். நான் சேர்ந்த வருடம் ஒரு காளை ஏற்றுபலகையை உடைத்து, போடிலின் விலா எலும்பையும் உடைத்தது. இனி ஒரே வழிதான் இருந்தது: மேயும் இடத்திலேயே, மாட்டுக்குத் தெரியாமலே, ஒரே சூட்டில் முடிப்பது. அதற்கு அரசாங்க மிருக வைத்தியர் வந்து பார்த்து அனுமதி தரவேண்டும். தராவிட்டால் மந்தையை விற்றுவிடுவதாகப் போடில் சொன்னார். தகப்பன் காலத்து மந்தை அது. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுடுவது யார் என்ற கேள்வி வந்தது. மாடுகள் கிட்டே வர விடுகிற ஒரே ஆள் நான்தான். அப்படித்தான் வேட்டைச் சோதனைக்குப் படிக்கப் போனேன். டெனிஷ் மொழியில் வாத்துகளின் பெயரைப் பாடமாக்கிய கதையை விட்டுவிடுகிறேன். சோதனை தேறி, பொலிஸ் அனுமதியும் எடுத்தாயிற்று.

நான் இடக்கைக்காரன். பள்ளிக்கூடத்தில் இதற்காக கோடு போடும் அடிமட்டத்தால் அடி வாங்கியிருக்கிறேன். இந்த நாட்டு வேட்டைக்காரர் வைத்திருப்பது, தாழ்ப்பாள்போல இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் துப்பாக்கி; அதற்குக் கைப்பிடி வலப்பக்கம். இடது தோளில் வைத்துச் சுட்டுவிட்டு, அடுத்த தோட்டாவை ஏற்ற, துப்பாக்கிக்கு மேலால் கையைச் சுற்றிக் கொண்டுபோகவேண்டும். அதோடு பின்கட்டை நெட்டை ஆட்களின் கைக்கு வெட்டியது. எனக்கு அது மண்வெட்டியைத் தோளில் வைத்த மாதிரி இருந்தது.

சில்க்போர்க்கில் ஒரு துப்பாக்கிக் கடையின் மூலையில்தான் அந்தக் குட்டையைக் கண்டேன். விசைக்குக் கீழே வளையம்போல ஒரு லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுறை வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே போகும். இடக்கையோ வலக்கையோ அதற்குக் கவலை இல்லை. ட்ராக்டரில் இருக்கைக்குப் பின்னால் பெட்டியோடு அடங்கும். கம்பிவேலிக்குக் கீழால் குனிந்து போகலாம். ஐம்பது மீற்றருக்குள் செய்கிற வேலைக்கு அதற்குமேல் குழல் எதற்கு? எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. லீவரைக் கீழே திறந்துவிட்டால், துப்பாக்கி வாயைப் பிளந்துகொண்டு நிற்பது முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கும் தெரியும். காலியா இல்லையா என்ற சந்தேகமே வராது. சட்டைக்குள் போகிற கைத்துப்பாக்கியில் அந்த நிம்மதி எங்கே?

பக்கத்துப் பண்ணை ஹென்றிக் அதைப் பார்த்துவிட்டு, குதிரை எப்போது வரும் என்று கேட்டார். அவர் ஊர் வேட்டைக் குழுவுக்குத் தலைவர். பிறகு கண்ட இடமெல்லாம் என்னைக் கௌபோய் என்றுதான் கூப்பிட்டார்.

போடிலிடம் பாராட்டும் இல்லை, பகிடியும் இல்லை. அவரிடம் ஒரேயொரு சொல்தான்: "டொம்?" காலியா என்று அர்த்தம். துப்பாக்கியோடு நான் எங்கே எதிர்ப்பட்டாலும், காலை வணக்கத்துக்கு முதல் அந்தச் சொல் வரும். நான் லீவரைத் திறந்து, உள்ளே பார்த்து, சின்னவிரலை விட்டுத் தடவி, திறந்தபடியே நீட்டவேண்டும். அவர் வாங்கி, தானும் பார்த்து, தானும் சின்னவிரலை விட்டுத் தடவித்தான் திருப்பித் தருவார். ஐந்து நிமிடத்துக்கு முதல் அதே விரல் அதே துவாரத்துக்குள் போயிருந்தாலும் சரி. தொடக்கத்தில் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என்னைத் திருடன்போலச் சோதிக்கிறார் என்று மனோவிடம் புறுபுறுத்தேன். போகப்போக, அந்த விரல் விடாத நாளில் எனக்கே ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

மனோ என் மனைவி. வெள்ளியும் செவ்வாயும் மரக்கறி. எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சி ஒருநாளும் வந்ததில்லை. நான் இந்த வேலைக்குச் சம்மதித்த நாளில் அவர் என்னோடு கதைக்கவில்லை. பிறகு, லொறியில் ஏற்றி அடித்து இழுப்பதைவிட இது பாவம் குறைவு என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். ஆனால் வேலை முடிந்து வந்தால் முழுகிவிட்டுத்தான் சாமியறைப் பக்கம் போகலாம்.

மாடுகளைப் பழக்கும் வேலை தொடங்கியது. ஒவ்வொரு காலையும் ஒரே இடம், ஒரே மேலங்கி, தோளில் காலித் துப்பாக்கி. தீவனத் தொட்டிக்குப் பின்னால் அணையின் மண்சரிவு. குண்டு எதையாவது தாண்டிப் போனாலும் மண்ணுக்குள்தான் போகவேண்டும் என்பதற்காக அந்த இடம். புதுச் சாமானைக் கண்டு மாடுகள் தூரத்தில் நிற்கும். என் கை சும்மா இராது, லீவரைத் தள்ளுவேன், இழுப்பேன். கிளிக், கிளாக். பிறகு தீவனத்தைக் கொட்டிவிட்டு ஒதுங்குவேன். ஒருநாள் கொட்டகையில் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு லீவரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் மந்தை முழுவதும் வந்து நிற்கிறது. முன்னால் அஸ்டா. மந்தையை நடத்துகிற கிழட்டுப் பசு. மூக்கால் புகைவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. அவற்றுக்கு அது சாப்பாட்டு மணி ஆகிவிட்டது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மனோவிடம் சொன்னேன். அவர் சட்டியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அப்ப அதுகள் உங்களை நம்பித்தானே வருதுகள். ஒருநாளைக்கு அதே சத்தத்தோட ஒண்டைச் சுடப்போறியள்."

"ஓம்" என்றேன். 

"எண்டால், இஞ்சேருங்கோ, ஒருநாளும் வெறுஞ்சத்தம் போடாதேங்கோ. சத்தம் கேட்டால் சாப்பாடு இருக்கவேணும். சுட்ட நாளிலயும் மற்றதுகளுக்குப் போடவேணும். அந்தளவாவது செய்யுங்கோ."

அன்றிலிருந்து அது சட்டம். கொட்டகையில் எண்ணெய் போடுவதை விட்டேன், மாடுகளுக்குக் கேட்காத அறையில்தான் துப்புரவு. வெளியில் லீவர் அசைந்தால் தீவனம் விழும். பனியோ மழையோ, எனக்குக் காய்ச்சலோ, அது மாறவில்லை.

வைத்தியர் வந்த நாள் போடில் காலையிலிருந்து குசினி அடுப்படியில் நின்றபடியே கோப்பி குடித்தார். எந்த மாட்டைச் சுடுவது என்பதைக் குசினி மேசையில் மட்டும் சொன்னார். மேய்ச்சல் நிலத்தில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவருடைய வழக்கம். வைத்தியர் என் துப்பாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது விளையாட்டுச் சாமானா என்று போடிலிடம் கேட்டது எனக்கும் கேட்டது. போடில் அவரை அணைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

இருவரும் குண்டு போகும் பக்கத்தை விட்டு விலகி அணைமேல் தூரத்தில் நிற்க, நான் தொட்டியடிக்குப் போனேன். லீவரைத் தள்ளி இழுத்தேன், இந்தத் தடவை உள்ளே தோட்டாவோடு. மந்தை வந்தது. தீவனத்தைக் கொட்டி, வழமைபோல ஒதுங்கி நின்றேன். அவசரப்படக்கூடாது. அந்த மாடு தானாகத் தலையை நிமிர்த்தி என்னை நேரே பார்க்கவேண்டும், அதற்குப் பின்னால் வேறு மாடு நிற்கக்கூடாது. கண்ணிலிருந்து எதிர்ப்பக்கக் கொம்படிக்கு, கொம்பில்லாவிட்டாலும், மனதுக்குள் இரண்டு கோடு. இரண்டும் வெட்டுகிற புள்ளிதான் சுடவேண்டிய இடம். வாய் நிறையத் தீவனத்தோடு அது நிமிர்ந்தது. சுட்டேன். நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது.

வெடிக்கு மற்ற மாடுகள் துள்ளிச் சிதறின. தேவைப்பட்டால் இரண்டாவது சூட்டுக்கு உடனே ஏற்றி நிற்கவேண்டும் என்பது ஒழுங்கு. ஏற்றினேன். கிளிக், கிளாக். ஓடியவை நின்றன. அஸ்டா திரும்பியது. ஒவ்வொன்றாகத் தொட்டிக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கின. அணைமேல் வைத்தியர் ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லாமல், தோட்டாவை இறக்கிவிட்டு, மற்றத் தீவனச் சாக்கையும் அவிழ்த்துக் கொட்டினேன். மனோவுக்குக் கொடுத்த வாக்கு முதலில். பிறகுதான் அரசாங்கம்.

அனுமதி கிடைத்தது. இப்படி ஒன்றைத் தன் வாழ்நாளில் காணவில்லை என்று வைத்தியர் போடிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போடில் என்னிடம் வந்து, "டொம்?" என்றார்.

மந்தை பிழைத்தது. பிறகு ஒரு கார்த்திகையில் அது முழுவதுமாகப் போக இருந்தது.

மாடுகளை அணைக்கு உள்ளே கொண்டுவர நாங்கள் ஆயத்தம் செய்திருந்த வேளை, ஒருநாள் முந்தியே புயல் வந்து வெளி வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டது. விடிந்தபோது காற்று விழுந்து, மூடுபனி. மாடுகள் புல்வெளியைக் கடந்து, கடல்பக்கம் இருக்கும் ஒரு மணல் திட்டில் ஏறி நின்றன. திட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஓடை. சும்மா நாளில் முழங்கால் அளவு, அன்றைக்கு நிரம்பிக்கொண்டிருந்தது. மத்தியானம் அடுத்த புயல் என்று வானொலி சொன்னது. அது வந்தால் அந்தத் திட்டு இருக்காது.

ஊர் திரண்டு வந்தது. உதவத்தான் வந்தார்கள், குறை சொல்லக்கூடாது. நாலு சில்லு மோட்டார் சைக்கிள்களில் ஓடையோரம் சுற்றினார்கள், மாடுகள் இன்னும் கடல்பக்கம் விலகின. யாரோ வாளியைக் கிலுக்கினார்கள். வாளி! அவ்வளவுதான், கன்றுகள் தண்ணீருக்குள் பின்வாங்கின. இனி வழியில்லை, தண்ணீரில் தவித்துத் தாழ விடுவதைவிடத் தூரத்தில் நின்று சுட்டுவிடலாம் என்று ஹென்றிக் மெல்லச் சொன்னார். அவருடைய ஆட்கள் நெட்டைத் துப்பாக்கிகளோடு நின்றார்கள். பொலிஸ்காரர் போடிலைப் பார்த்தார். எல்லாரும் போடிலைப் பார்த்தார்கள்.

போடில் என்னிடம் வந்தார். 

"சிவா, உன்ரை துப்பாக்கியைக் கொண்டுவா. அதுகள் சாகத்தான் வேணுமெண்டால், தெரிஞ்ச ஆளின்ரை கையாலை சாகட்டும்."

கொண்டுவந்தேன். ஆனால் வரும் வழியிலேயே எனக்குப் புத்தி வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். அணைச்சரிவில் சாக்குச் சாக்காகத் தீவனம் கொட்டச் சொன்னேன். வாளியை வைத்திருப்பவர் அதைத் தூர எறியட்டும், ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்றேன். என் வாழ்க்கையில் அத்தனை டெனிஷ்காரருக்கு நான் கட்டளை போட்டது அந்த ஒருநாள்தான், சொல்லவே சந்தோஷமாக இருக்கிறது. சட்டைப்பையில் இருந்த தோட்டாக்களை எடுத்துப் போடிலின் கைக்குள் வைத்தேன். அவர் விளங்காமல் பார்த்தார். லீவரைத் திறந்து நீட்டினேன். பழக்கத்தில் சின்னவிரலை விட்டுத் தடவினார். அப்போதுதான் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

இடுப்பில் கயிறு கட்டினேன். மறுமுனையைப் பிடித்தவர் ஹென்றிக். ஓடைக்குள் இறங்கினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது, குளிரில் மூச்சு நின்று நின்று வந்தது. நடுவில் ஒரு மேட்டில் கால் ஊன்றி, துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கி, லீவரைத் தள்ளி இழுத்தேன். மூடுபனிக்குள் ஒன்றும் அசையவில்லை. அந்த நேரம் எனக்குப் பயம் பிடித்தது உண்மை. திரும்பவும் இழுத்தேன்.

அஸ்டாவின் காது திரும்பியது. தலை திரும்பியது. தண்ணீருக்குள் ஒரு கால் வைத்து, மணந்து பார்த்து, இறங்கிவிட்டது. அதன் பின்னால் மற்றவை. நான் முதுகைக் காட்டி அணையை நோக்கி நடந்தேன், நடந்தபடியே லீவரை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் இரு பக்கமும் மூச்சிரைக்கும் கறுப்பு மயிர், நடுவில் நீந்தும் கன்றுகள், ஒன்று என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டே வந்தது. எல்லாம் கரையேறின. ஒன்றுகூடக் குறையவில்லை. அணைச்சரிவில் வரிசையாக நின்று தின்னத் தொடங்கின. அந்தத் தின்னும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. பிறகு ஹென்றிக் தொப்பியைக் கழற்றினார்.

போடில் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார். அவர் கேட்க மறந்துவிட்டார். எனக்குப் பல்லுக் கிடுகிடுத்தது, ஆனாலும் விடவில்லை. துப்பாக்கியைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "பாருங்கோ" என்றேன். சின்னவிரலை உள்ளே விட்டவர் அதை எடுக்கவே இல்லை, அப்படியே நின்று அழுதார். போடில் அழுது நான் கண்டது அன்று மட்டும்தான்.

அடுத்த வருடம் ஹென்றிக்கும் ஒரு குட்டை லீவர் வாங்கினார். கௌபோய் என்று நான் கூப்பிட்டேன். அஸ்டாவின் பெயரைப் போடில் குசினி மேசையில் ஒருநாளும் சொல்லவில்லை. அது வயது போய், புல்வெளியில் படுத்து, தானாகவே செத்தது. மனோ அன்று எனக்காகத் தீபம் வைத்தாரா அஸ்டாவுக்காக வைத்தாரா தெரியாது, நான் கேட்கவில்லை. இப்போது லோன பண்ணையைப் பார்க்கிறார், அதே முறைதான், அதே மாதிரித் துப்பாக்கிதான். என் முழங்கால் போய்விட்டதால் என்னுடையதை விற்க வேண்டி வந்தது.

வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கவிதாவுக்குப் பொலிஸ் அனுமதி போன கிழமை வந்தது. கைத்துப்பாக்கி இல்லாவிட்டால் அதன் அண்ணனையாவது தாருங்கள் என்று கேட்டார், கொடுத்துவிட்டேன். பெட்டியில் வைத்துப் பூட்டி, போடிலுக்குக் காட்டப் போனோம். போடிலுக்கு எண்பது கடந்துவிட்டது. முற்றத்தில், நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கவிதா கைகொடுக்கப் போனார்.

"டொம்?" என்றார் போடில்.

கவிதா பயந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, லீவரைத் தள்ளினார். பதற்றத்தில் திரும்பவும் இழுத்தார், திரும்பவும் தள்ளினார். கிழவி விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அதற்குள் அணைப்பக்கம் மந்தை தலை தூக்கியது. அஸ்டாவின் பேத்தியோ பூட்டியோ ஒன்று முன்னால் வர, மற்றவை பின்னால், வேலியை நோக்கி நடக்கத் தொடங்கின.

"அங்கிள், என்னாச்சு? எல்லாம் இங்க வருது."

தீவனக் கொட்டகையைக் கையால் காட்டினேன்.

"பிள்ளை, சத்தம் போட்டிட்டீர். இனிச் சாக்கைத் தூக்கும்."

காலில் வெள்ளைச் சப்பாத்தோடு வந்திருந்தவர் ஒருதரம் கீழே பார்த்துக்கொண்டார். பிறகு துப்பாக்கியைத் திறந்தபடியே போடிலின் கையில் கொடுத்துவிட்டு, சேற்றுக்குள் இறங்கிக் கொட்டகையை நோக்கி ஓடினார்.